உப்புக்கு முன்னால் ஒரு 'ச' இருந்தது

இந்த எபிசோட் முழுக்க ஒலிகளைப் பற்றித்தான். யாரும் எழுதி வைக்காத, யாரும் ரெக்கார்ட் பண்ணாத, நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு மொழி எப்படி ஒலித்திருக்கும் என்று இன்றைக்கு உட்கார்ந்து எப்படிச் சொல்ல முடிகிறது? சொல்ல முடியும் என்றால், அந்த மொழி தமிழா?

இந்தக் கேள்வியை இப்போது எடுக்கக் காரணம் இருக்கு. 2025 மே மாதம் சென்னையில் 'தக் லைஃப்' பட விழாவில் கமல்ஹாசன், எதிரே இருந்த சிவராஜ்குமாரைப் பார்த்து, உங்கள் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருளில் பேசினார். விஷயம் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போனது. ஜூன் 5-ஆம் தேதி படம் மற்ற இடங்களில் வந்தது, கர்நாடகத்தில் வரவில்லை. நான் வேலை பார்க்கிற டீமில் பாதிப் பேர் பெங்களூர்க்காரங்க. அந்த வாரம் எங்க காலை மீட்டிங் ரொம்ப சீக்கிரமா முடிஞ்சுது. "தமிழ்தான் தாய்" என்று ஒரு பக்கம், "யார் சொன்னா?" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்திலும் உணர்ச்சி நிறைய இருந்தது. ஒரே ஒரு சொல்லை எடுத்து வைத்து, இதைப் பாரு என்று காட்டினவர் யாரையும் நான் பார்க்கவில்லை. அந்த வேலையை இன்றைக்குச் செய்வோம்.

நான் வளர்ந்தது கூடங்குளம். அணு உலைக்காகத்தான் அந்தப் பேர் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து வடகிழக்கே திசையன்விளைப் பக்கம் போனால், தேரி மணலும் பனையும் நடுவே இடையன்குடி என்று ஒரு ஊர். ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த ஊர் அது. 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838-ல் சென்னை வந்தார். அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே, நீலகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு, 1841-ல் இடையன்குடி சேர்ந்தார். 1891-ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலைத் திரும்ப இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய சர்ச்சிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய வீடு இப்போது அரசு நினைவு இல்லம். சென்னை மெரினாவில் சிலையும் இருக்கு. அதே ஆள் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அந்த மக்களைக் காயப்படுத்தியது, கடும் எதிர்ப்பும் வந்தது. சிலை வைக்கும்போது அதையும் சேர்த்தே நினைவில் வைக்கணும் என்பது என் கட்சி.

1856-ல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஒன்பது மொழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 1875-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அது பன்னிரண்டு ஆனது. அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1816-லேயே ஒரு தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில், தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றுக்கும் வேர்கள் பொது, அவை சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல என்று காட்டிவிட்டார். மூன்றே வருஷத்தில் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அந்த நூலை வளர்த்தெடுத்துப் பெரிய கட்டடமாக எழுப்பியவர் கால்டுவெல்.

முறை என்ன? எங்க தொழில் மொழியில் சொல்றேன். ஒரே கோட்-பேஸிலிருந்து பிரிந்த நாலைந்து பிராஞ்ச் உங்க கையில் இருக்கு. பழைய ஹிஸ்டரி முழுக்க அழிஞ்சுபோச்சு. பிராஞ்ச்களுக்கு நடுவே இருக்கிற டிஃப்பை மட்டும் பார்த்து, பிரிவதற்கு முன்னால் இருந்த கடைசி கமிட் எப்படி இருந்திருக்கும் என்று எழுதணும். ஒற்றுமையை வைத்துக்கொண்டு பெரிசா ஒன்றும் பண்ண முடியாது. வேற்றுமை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரணும். அதுதான் சான்று.

ழ-வில் ஆரம்பிக்கலாம். எங்க பக்கம் வாழைப்பழம் கிடையாது, 'வாளப்பளம்'தான். சென்னையில் முதல் வேலையில் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டில் எனக்கு நடந்த முதல் பரீட்சையே அதுதான்: "எங்க, வாழைப்பழம் சொல்லு பார்ப்போம்." பரீட்சை வைத்தவர்களில் ரெண்டு பேருக்கு அது 'வாயப்பயம்' என்பது தனிக்கதை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உச்சரிப்புப் பரீட்சை எல்லா இடத்திலும் சிரிப்போடு முடிந்ததில்லை. பைபிளில் நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் வருகிறவனை நிறுத்தி 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். 'சிபோலேத்' என்று வந்தால் எதிரி இனம், அங்கேயே வெட்டு. 42,000 பேர் செத்ததாகக் கணக்கு சொல்கிறது அந்த அதிகாரம்.

இப்போ நம்ம வழக்கு. சிலர் குழி, குளி ரெண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். எங்க ஊரில் ரெண்டும் 'குளி'தான். எது பழசு? ஒன்றாக இருந்ததுதான் பழசு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிரித்தவர்கள் எதை வைத்துப் பிரித்தார்கள்? ரெண்டு சொல்லிலும் முன்னால் 'கு', பின்னால் 'இ'. எந்த இடத்தில் ழ போடணும், எந்த இடத்தில் ள போடணும் என்று விதியே எழுத முடியாது. ரெண்டு காலத்தை ஒன்றாகச் சேர்த்த எக்ஸல் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்க. சேர்ப்பது சுலபம். சேர்த்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று அந்த ஷீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பிரிவு பழசு, கலப்பு புதுசு.

அக்கம்பக்கத்து மொழிகளைக் கூப்பிட்டால் இது உறுதியாகுது. நம்ம கோழி மலையாளத்தில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, துளுவில் கோரி. மங்களூர் ஹோட்டலில் 'கோரி ரொட்டி' சாப்பிட்டிருந்தால், அந்தக் கோரி இந்தக் கோழிதான். ஏழு தெலுங்கில் ஏடு. ஆனால் முள் தெலுங்கில் முல்லு, கள் கல்லு. கவனிங்க: நம்ம ழ வருகிற இடத்தில் தெலுங்கில் ட, நம்ம ள வருகிற இடத்தில் ல. ழ என்ற ஒலியைத் தெலுங்கு தொலைத்துவிட்டது. ஆனாலும் அது ள-வோடு சேராத தனி ஒலி என்ற தகவலைத் தொலைக்கவில்லை. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ழ-வுக்குத் தனி எழுத்தே இருந்தது. பிறகு பெரும்பாலும் ள-வோடு கலந்தது. எங்க ஊர்க்காரங்க செய்தது அதே மாற்றம், தனியாக, வேறு காலத்தில். அதனால் 'கோளி' என்கிற திருநெல்வேலிக்காரனை நாக்கு வளையாதவன் என்று சொல்வீங்கன்னா, கன்னடம் பேசும் கோடிக்கணக்கான பேரையும் அந்த லிஸ்ட்டில் சேர்க்கணும்.

ழ இருந்தது சரி, அது காதில் எப்படி விழுந்தது? இதற்கு வெளியூர்க்காரர்களின் காது உதவும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டு எழுதியவர்கள் சோழரை 'சோட' என்று ட போட்டு எழுதினார்கள். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கரான தாலமி ர போட்டு 'சோர' என்ற மாதிரி எழுதினார். சோழமண்டலத்தைப் போர்த்துகீசியர்கள் ர போட்டு 'கோரமண்டல்' ஆக்கினார்கள். கோழிக்கோட்டை அரபிகள் ல போட்டு 'காலிகூத்' என்றார்கள். ஒரே ஒலியை மூன்று காதுகள் ட, ர, ல என்று மூன்றாகக் கேட்டிருக்கு. நாக்கு மடிவது ட-விலிருந்து, காற்று தடைபடாமல் ஓடுவது ர-விலிருந்து, ஓரத்துச் சாயல் ல-விலிருந்து. மூன்று டவர் சிக்னலை வைத்து போன் எங்கே இருக்குன்னு பிடிக்கிற மாதிரி. (அதே அசோகர் கல்வெட்டில் 'தம்பபன்னி' என்றும் ஒரு பேர் வருது. தாமிரபரணி ரசிகர்கள் அவசரப்பட வேண்டாம், அது இலங்கை.)

இங்கே கொஞ்சம் மேற்கே போய் வரலாம். செமிட்டிக் மொழிகள் என்று ஒரு குடும்பம்: அரபு, ஹீப்ரூ, பாபிலோனில் பேசிய அக்காடியன், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் குடும்பத்தின் தாய்க்கு 29 மெய்யொலிகள் இருந்தன என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. அதில் ரெண்டு ஒலிகள், நாக்கின் ஓரத்து வழியாகக் காற்றை விட்டுச் சொல்ல வேண்டியவை. ஹீப்ரூவில் முதல் ஒலி சாதாரண ச ஆகிவிட்டது. நறுமணப் பொருளுக்கு ஹீப்ரூவில் 'போசெம்'. அதே செமிட்டிக் சொல்லைக் கடன் வாங்கிய கிரேக்கர்கள் 'பால்சமோன்' என்று, ச-வுக்கு முன்னால் ஒரு ல் சேர்த்து எழுதி வைத்தார்கள். நாம் சொல்கிற 'பால்சம்', 'பாம்' எல்லாம் அதன் வாரிசு. அந்த ல் எங்கிருந்து வந்தது? ஓரத்துக் காற்றைக் கேட்ட கிரேக்கக் காதிலிருந்து. ஏமன், ஓமான் பக்கம் மெஹ்ரி என்ற மொழி பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஒலியை அப்படியே சொல்கிறார்கள்.

ரெண்டாவது ஒலி அரபியின் 'ளாத்' என்ற எழுத்து. தமிழை நாம் ழ-வை வைத்துப் பெருமையாகப் பேசுகிற மாதிரி, அரபிகள் தங்கள் மொழியை 'ளாத் மொழி' என்றே சொல்வார்கள். எட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர் சீபவைஹி, அது நாக்கின் ஓரமும் கடைவாய்ப் பல்லும் சேருமிடத்தில் பிறப்பதாக எழுதியிருக்கார். இன்றைக்குப் பெரும்பாலான அரபிகள் அதைக் கனமான ஒரு 'த' போலத்தான் சொல்கிறார்கள். பெருமை அப்படியே இருக்கு, ஒலி மாறிப்போச்சு. பழைய ஒலியின் தடம் ஸ்பெயினில் கிடைக்குது: அரபியின் 'அல்-காதி', அதாவது நீதிபதி, ஸ்பானிஷில் 'அல்கால்தே' ஆனபோது நடுவில் ஒரு ல் ஒட்டிக்கொண்டது. மலாயில் 'ரிதா' என்ற அரபுச் சொல் 'ரெலா'.

இன்னொரு தடம் தாமிரபரணிக் கரையில் இருக்கு. மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ போய்க் கேளுங்க: ரமளான், பர்ளு, ஒளு. வட இந்தியாவில் 'ரம்ஜான்', 'ஃபர்ஜ்', 'வஜூ' என்று ஜ போட்டுச் சொல்கிற அதே மூன்று சொற்கள். அங்கே பாரசீகம் வழியாக வந்தது. இங்கே கடல் வழியாக அரபிகளின் வாயிலிருந்து நேராக வந்தது, வாங்கின தமிழ்க்காது அதில் ள-வைக் கேட்டது. இலங்கை முஸ்லிம்கள் 'ரமழான்' என்று ழ போட்டே எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், செமிட்டிக் தாய்மொழியின் ஒலியைத் தேடுகிற ஆள் மெஹ்ரிக்குப் போகிற வழியில் மேலப்பாளையத்திலும் இறங்கிப் போகணும்.

சரி, நம்ம குடும்பத்துக்குத் திரும்புவோம். ழ விஷயத்தில் தமிழ் பழசைக் காப்பாற்றியது. இப்போ தமிழ் மாறின இடம்.

தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் செய், பழைய கன்னடத்தில் கெய். தமிழில் சிறு, கன்னடத்தில் கிறு. தமிழில் செம்மை, கன்னடத்தில் கெம்பு. கெம்பு தெரியும்தானே? பரதநாட்டிய நகையில் வைக்கிற சிவப்புக் கல். கன்னடச் சொல் நகையோடு சேர்ந்து நம்ம ஊருக்கு வந்துவிட்டது. நாம் ச சொல்லுமிடத்தில் அவர்கள் க சொல்கிறார்கள், ஒழுங்காக, வரிசையாக. கால்டுவெல்லே இதைக் கவனித்தார். எது பழசு?

இ, எ, ஈ, ஏ என்ற உயிர்கள் நாக்கை முன்னுக்கு இழுப்பவை. அவற்றுக்கு முன்னால் வருகிற க மெல்ல ச ஆவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். லத்தீன் 'கேந்தும்' இத்தாலியனில் 'சென்தோ' ஆனது அப்படித்தான். ஆனால் அப்படியானால் கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை? கேள், கெடு, கிழங்கு, கீழ், கிணறு இதெல்லாம் ஏன் க-விலேயே நின்றது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விதி வருது. 1940-களில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் பர்ரோ இதை ஒழுங்குபடுத்தினார். மேலே சொன்ன சொற்களைப் பாருங்க: அடுத்து வருகிற மெய் ள, ட, ழ, ண. எல்லாமே நாக்கை மடித்துப் பின்னால் இழுக்கிற ஒலிகள். முன்னுக்கு இழுக்கும் உயிரைப் பின்னால் இழுக்கும் மெய் தடுத்துவிட்டது. க தப்பித்தது. கீரை, கீரி மாதிரிச் சில அடங்காத பிள்ளைகள் உண்டு. ஆனாலும் விதி நிற்குது.

தெலுங்கு இந்தத் தடையையும் மதிக்கவில்லை. நம்ம கிளி அங்கே சிலுக. நம்ம கெட்ட அங்கே செட்ட. டப்பிங் இல்லாத தெலுங்குப் படத்தில் இதைக் கேட்டிருப்பீங்க. ஆக கன்னடம் க-வை அப்படியே வைத்தது, தமிழ் பாதி மாற்றியது, தெலுங்கு கிட்டத்தட்ட முழுசும் மாற்றியது. க பழசு என்று எடுத்தால் மூன்றுக்கும் விளக்கம் கிடைக்குது. ச பழசு என்று எடுத்தால் கன்னடமும் தமிழும் எந்த ச-வை க ஆக்கணும் என்று எப்படித் தெரிந்துகொண்டன என்பதற்குப் பதிலே இல்லை. அசோகர் கல்வெட்டிலும் சேரர் 'கேரள' என்று க போட்டே வருகிறார்கள். அது ஒரு கூடுதல் சாட்சி மட்டும்தான், அதை மட்டும் வைத்து வழக்கை முடிக்க வேண்டாம். தமிழ் தாய் என்றால், மகள் கன்னடம் தாயைவிடப் பழைய ஒலியை எங்கிருந்து எடுத்தது?

அடுத்து ற. பள்ளிக்கூடத்தில் கசடதபற வல்லினம் என்று ஒப்பித்திருப்போம். க, ச, ட, த, ப எல்லாம் காற்றை முழுசா அடைத்துத் திறக்கும் ஒலிகள். ற ஏன் அங்கே இருக்கு? இன்றைக்கு நாம் சொல்வது ர-வின் அண்ணன் மாதிரித்தானே இருக்கு? ர இடையினம், ற வல்லினம் என்று பிரித்த தொல்காப்பியர் காலத்தில் ற ஓர் அடைப்பொலி என்பதுதான் பதில். த-வுக்கும் ட-வுக்கும் நடுவில், நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொட்டு அடைக்கும் ஒலி. நாம் 'காத்து' என்கிறோம். மலையாளிகளும் யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் 'காற்று' சொல்லும்போது அந்த ஒலி இன்னும் உயிரோடு கேட்குது. மூன்று நமக்கு மூணு, மலையாளத்தில் மூன்னு, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு, கோண்டியில் முண்டு. தனித்தனியா எல்லாம் வேறு மாதிரி. ஆனால் நடுவில் 'ன்' என்ற மூக்கொலியும் அடுத்து அந்த அடைப்பு ற-வும் இருந்தன என்று வைத்தால், ஒவ்வொன்றும் தன் வழியில் அங்கிருந்து வந்து சேருது. கன்னடம் இன்னும் சுவாரசியம்: ஒன்று அங்கே 'ஒந்து', மூன்று 'மூரு'. குறிலுக்குப் பின் மூக்கொலி நின்றது, நெடிலுக்குப் பின் விழுந்தது. தோன்று அங்கே 'தோரு'. அதே விதி.

இப்போ தலைப்புக்கு வருவோம். தூத்துக்குடி உப்பளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பு என்ற சொல்லைவிட நெருக்கமான தமிழ்ச்சொல் இருக்குமா? தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நாலிலும் உப்புதான். நாலு பேரும் ஒரே சாட்சி சொன்னால் வழக்கு முடிஞ்சதுன்னு தோணும். சத்தீஸ்கரின் பஸ்தரில் பர்ஜி என்று ஒரு சிறிய திராவிட மொழி. அதில் உப்புக்கு 'சுப்'. மத்திய இந்தியாவில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் பேசும் கோண்டியில் 'சோவர்'. தற்செயலா? கோண்டியில் ஐந்து எண்ணிப் பாருங்க: சய்யுங். ஆறு: சாருங். ஏழுக்கு மட்டும் ச இல்லை.

கோண்டிக்காரர்கள் ஐந்துக்கும் ஆறுக்கும் உப்புக்கும் ச-வை ஒட்டிக்கொண்டு ஏழை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல ஒரு விதியும் கிடைக்காது. குழி-குளி வழக்கில் பார்த்த அதே தர்க்கம். ச முதலில் இருந்தது, தெற்கே நாம்தான் தொலைத்தோம். தொலைத்ததற்குத் தமிழுக்குள்ளேயே தடயம் இருக்கு. சிறகு, இறகு என்று ரெண்டும் வைத்திருக்கிறோம். சிப்பி, இப்பி. சுழல், உழல். ஒரே சொல்லின் ரெண்டு வெர்ஷன்கள், பழசை யாரும் டெலீட் பண்ணவில்லை.

எப்போது தொலைத்தோம் என்பதற்கும் ஒரு துப்பு. வடக்கிலிருந்து வந்த சொற்களையும் இந்த மாற்றம் விடவில்லை. சமணர் தமிழில் அமணரும் ஆனார்கள். சிராவணம் ஆவணி ஆனது. சமஸ்கிருத 'சஹஸ்ர', பிராகிருதம் வழியாகக் கன்னடத்தில் 'சாவிர', தமிழில் ஆயிரம். சமணர்கள் என்ற சொல்லே நம்மிடம் வந்த பிறகும் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது என்றால், அது ஆதிகாலத்து விஷயம் இல்லை. சங்க காலத்துக்கு அக்கம்பக்கம். எழுத்தே பழக்கமில்லாத பர்ஜி மக்கள் காட்டுக்குள் காப்பாற்றின ஓர் ஒலியை, ரெண்டாயிரம் வருஷம் எழுதி வைத்த நாம் தொலைத்திருக்கிறோம். எழுத்து சொல்லைக் காப்பாற்றும். எழுதுவதற்கு முன்னால் போனதை அதனால் காப்பாற்ற முடியாது. பர்ஜியைப் பற்றி 1953-ல் பர்ரோவும் பட்டாச்சார்யாவும் ஒரு புத்தகம் போடாமல் இருந்திருந்தால் இந்த சாட்சி நீதிமன்றத்துக்கே வந்திருக்காது. பிறகு பர்ரோவும் அமெரிக்காவின் எமனோவும் சேர்ந்து 1961-ல் திராவிட வேர்ச்சொல் அகராதி கொண்டுவந்தார்கள், 1984-ல் திருத்தப் பதிப்பு. மேலே சொன்ன உதாரணங்களை எல்லாம் அதில் தேடிப் பார்க்கலாம்.

கடைசி ஒலி, இன்னும் விவாதத்தில் இருப்பது. நம்ம ஆய்தம், ஃ. அஃது, இஃது, எஃகு, பத்தின் பழைய வடிவமான பஃது. ஒங்கோலில் 1928-ல் பிறந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, 2003-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'திராவிட மொழிகள்' நூலில், இந்த ஆய்தம் தாய்மொழியில் இருந்த ஒரு தொண்டையொலியின் மிச்சம் என்று வாதிட்டார். வா என்று நெடிலில் கூப்பிடுகிறோம், வருவேன் என்று குறிலில் பதில் சொல்கிறோம். தா, தருவேன். ஏன் இந்த ஆட்டம்? வேரில் ஒரு 'ஹ்' மாதிரி ஒலி இருந்து, சொல்லின் கடைசியில் அது மறையும்போது உயிரை நீட்டிவிட்டுப் போயிருந்தால் கணக்கு சரியா வருது.

இல்லாத ஒலியைக் கற்பனை பண்ணுவது மாதிரி இருக்கேன்னு கேட்டீங்கன்னா, நியாயமான சந்தேகம்தான். ஆனால் முன்னுதாரணம் உண்டு. பாபிலோனின் அக்காடியனில் கடவுளுக்கு, எஜமானுக்கு 'பேலு'. ஹீப்ரூவில் அது 'பஅல்', நடுவில் ஒரு தொண்டையொலி. அந்த ஒலிக்குக் க போட்டுத்தான் தமிழ் பைபிளில் 'பாகால்' என்று எழுதினார்கள். அந்த பைபிள் திருத்தக் குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். அக்காடியன் தொண்டையொலியைத் தொலைத்தது, ஆனால் போகிற போக்கில் அது அ-வை ஏ ஆக்கிவிட்டுப் போனது. இன்னொன்று: 1879-ல் 21 வயசு சசூர், உயிர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் வைத்து, இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் எந்த மொழியிலும் மிஞ்சாத சில ஒலிகள் இருந்திருக்கணும் என்று எழுதினார். அவர் இறந்து பதினாலு வருஷம் கழித்து, 1927-ல், துருக்கியில் தோண்டியெடுத்த ஹிட்டைட் களிமண் பலகைகளில் அந்த இடத்திலேயே ஒரு தொண்டையொலி எழுதியிருப்பதை குரிலோவிச் காட்டினார். திராவிடத்துக்கு அப்படி ஒரு பலகை இதுவரை கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பது மூன்று புள்ளி ஆய்தம் மட்டும்.

கிருஷ்ணமூர்த்தியின் கணக்கில் மூலத் திராவிடத்துக்குப் பத்து உயிர், பதினேழு மெய். தமிழ் அரிச்சுவடியை எடுங்க. பன்னிரண்டு உயிரில் கூட்டுயிர்களான ஐ, ஔ ரெண்டையும் கழித்தால் பத்து. பதினெட்டு மெய்யில், க-வுக்கு முன்னால் மட்டும் வரும் ங-வைக் கழிங்க. ந சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும், ன மற்ற இடத்திலும் என்று இடம் பிரித்துக்கொள்வதால் ரெண்டையும் ஒன்றாக எண்ணுங்க. பதினாறு. ஆய்தத்தைச் சேர்த்தால் பதினேழு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் தமிழ்தான் தாய் என்று தோன்றும். கீபோர்ட் பழசுதான், கிட்டத்தட்ட ஒரு கீயும் மாறவில்லை. ஆனால் அந்த கீபோர்டில் செவி என்று தட்டினதும், ச-வைத் தட்டாமல் உப்பு என்று எழுதினதும் பிற்காலத்துக் கைகள். 2018-ல் திராவிட மொழிகள் இருபதின் சொற்களைக் கணினியில் போட்டுப் பார்த்த ஒரு ஆய்வு, குடும்பம் பிரியத் தொடங்கி சுமார் 4500 ஆண்டு என்று சொன்னது. அன்றைக்கு இருந்ததைத் தமிழ் என்று கூப்பிட்டால், கன்னடம் என்றோ கோண்டி என்றோ கூப்பிடுவதை நாம் எப்படி மறுப்பது? அது எல்லாருக்கும் பாட்டி. தமிழ் மூத்த பேத்தி, நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பேத்தி. செவி விஷயத்தில் அடுத்த வீட்டுப் பேத்திக்குத்தான் ஞாபகம் சரியா இருக்கு, உப்பு விஷயத்தில் காட்டுக்குள் இருக்கும் பேத்திக்கு.

முடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை தர்றேன். காற்று, கோழி, சிறகு: இந்த மூன்று சொல்லையும் உங்க வீட்டில் வயசானவங்க யாராவது இருந்தால் சொல்லச் சொல்லி, ஊர்ப் பேரோடு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வாசித்துச் சொல்லச் சொல்லாதீங்க, எழுத்தைப் பார்த்தால் நாக்கு உஷாராயிடும். படத்தைக் காட்டியோ விசிறியை வீசியோ சொல்ல வைங்க. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரங்களும் யாழ்ப்பாணத்துக்காரங்களும் முதலில் அனுப்பினால் நல்லது, அந்த 'காற்று'தான் எனக்கு அவசரமா வேணும். வருவதை எல்லாம் அடுத்த எபிசோடில் வரிசையாகப் போட்டுக் கேட்போம்.